நாலு எஸ்.எஸ். ராடு, எதிரெதிரே இரண்டு ஊசி: இந்த ஜாப் எதற்கு என்று யாருக்காவது தெரியுங்களா?

கணபதிலேத்து | செவ்வாய், இரவு 9:12

கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத்து, ஒரு வி.எம்.சி. வயர்கட் வேலை பக்கத்து ஷெட்டில் நடக்கும். வழக்கமாக வருவது பம்ப் ஷாஃப்ட், கிரைண்டர் பார்ட்ஸ், மில்லுக்குப் புஷ்.

போன மாதம் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ட்ராயிங் வந்தது. பெயர் வேண்டாம். 3 மி.மீ. விட்டத்தில் நாலு ராடு. நடு அச்சிலிருந்து ராடு முகம் வரை 0.9 மி.மீ. இரண்டு கோடியிலும் ஊசி போல ஒவ்வொரு முனை, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. டாலரன்ஸ் 10 மைக்ரான். அதெல்லாம் சரி, செய்யலாம். குறிப்புகள்தான் விசித்திரம். 303 ஸ்டீல் கூடாது, 316 எல் மட்டும். பிராஸ் ஸ்க்ரூ ஒன்றுகூட ஆகாது. கந்தகம், குளோரின் கலந்த கட்டிங் ஆயில் தொடக்கூடாது. கடைசி வாஷ் முடிந்தபின் வெறுங்கையால் எடுக்கக்கூடாது.

எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேஸ் பிளேட்டில் மரை போட்ட துளைகள் பிளைண்ட் ஹோலாம், அதாவது மறுபக்கம் வரை போகாத துளை. 'அடியில் காற்று மாட்டிக்கொள்ளும்' என்று ஒரே வரி. ட்ராயிங்கில் அது ஒழுங்காகப் போடவும் இல்லை. மூன்று நாள் வேலை போயிற்று. ஒரு கடுகளவு காற்றுக்கு ஜாப்பையே திருப்புவார்களா?

கேட்டால் 'அயனியைப் பிடித்துக் குளிர வைக்கிறோம்' என்கிறார்கள்.

மஞ்சமண்டி | செவ்வாய், இரவு 9:40

எலி பிடிக்கப் பொறி கேள்விப்பட்டிருக்கிறேன். அயனி பிடிக்கவும் வந்துவிட்டதா? பில் பாஸானதுங்களா அண்ணா, அதை முதலில் சொல்லுங்க.

ஒற்றைஅயனி | செவ்வாய், இரவு 11:25

அண்ணா, நான் உடுமலைப் பக்கம். இப்போது வெளியூரில் இருக்கிறேன். ஐந்து வருடம் இந்த மாதிரிப் பொறியோடுதான் குடும்பம் நடத்தினேன். உங்கள் ட்ராயிங் எதற்கென்று படித்தவுடனே தெரிந்துவிட்டது.

காற்றில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் ஜாப் திரும்பியது அதனால்தான். அந்த நாலு ராடுக்கு நடுவில் ஒரே ஓர் அணு மிதக்கப் போகிறது, எலக்ட்ரான் ஒன்றை இழந்த அணு. மணிக்கணக்கில் அது அங்கேயே இருக்க வேண்டும். காற்று மூலக்கூறு ஒன்று வந்து இடித்தால்கூட அதுவரை குளிர வைத்த வேலை வீண். அதனால் பெட்டிக்குள் சுமார் 10⁻¹¹ மில்லிபார் அழுத்தம்தான் இருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு. அப்படியும் ஒரு கன செ.மீ. இடத்தில் இரண்டரை லட்சம் மூலக்கூறு மிச்சம் இருக்கும். அதற்குக் கீழே போவது பெரும் பாடு.

இப்போது உங்கள் பிளைண்ட் ஹோல். ஸ்க்ரூவை முறுக்கினால் அடியில் ஒரு துளி காற்று அடைபடும். அது மரையின் இடுக்கு வழியாக நாள்கணக்கில், மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து எந்த லீக்கும் இருக்காது, ஆனால் அழுத்தம் இறங்கவே இறங்காது. ஹீலியம் வைத்து லீக் தேடுவோம், கிடைக்காது. நான் இப்படி ஒரு ஸ்க்ரூவால் இரண்டு மாதம் இழந்திருக்கிறேன். அது நானே மாட்டிய ஸ்க்ரூ, அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

பிராஸ் ஏன் ஆகாது என்றால், பெட்டியை மூடியபின் 200 டிகிரி வரை சூடாக்கி ஒரு வாரம்போல் வைத்திருப்போம், சுவரில் ஒட்டிய ஈரமெல்லாம் போக. பிராஸில் இருக்கும் துத்தநாகம் அந்தச் சூட்டில் ஆவியாகி எல்லா இடத்திலும் போய்ப் படியும். 303இல் லேத்தில் சுலபமாக வெட்ட வரட்டும் என்றே கந்தகம் சேர்த்திருப்பார்கள், அது வேக்குவத்துக்குச் சத்துரு. கைரேகை என்பது எண்ணெய், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ட்ராயிங்கில் துளையைச் சரியாகக் காட்டாதது அவர்கள் தப்பு. அதை விட்டுவிடாதீர்கள்.

காயில்வைண்டர் | புதன், காலை 7:05

ஈரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறேன். நாலு ராடு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோர் போல் மோட்டார். புலம் சுற்றும், அயனி நடுவில் மாட்டிக்கொண்டு சுற்றும். சரிங்களா அம்மிணி?

கோபி_வாத்தியார் | புதன், காலை 8:30

தம்பி, கிட்டத்தட்ட. ஆனால் இல்லை.

முதலில் ஏன் சும்மா மின்னூட்டம் கொடுத்தே நிறுத்த முடியாது என்று பார்ப்போம். 1842இல் எர்ன்ஷா என்பவர் நிறுவிய ஒரு தேற்றம் உண்டு. மாறாமல் நிற்கும் மின்புலத்தை எப்படி அமைத்தாலும் ஒரு மின்னூட்டத்தை எல்லாப் பக்கமும் அணைத்து வெட்டவெளியில் நிறுத்த முடியாது. இரண்டு பக்கம் தடுத்தால் மூன்றாம் பக்கம் வழி திறந்துவிடும். குதிரைச் சேணத்தின் மேல் கோலிக்குண்டை வைத்தது போல. முன்னும் பின்னும் மேடு, இடமும் வலமும் சரிவு. உருண்டுவிடும்.

ஜெர்மனியின் பான் நகரில் வொல்ஃப்காங் பவுல் 1950களில் கண்ட வழி, விழப்போகும் நேரத்தில் மேட்டையும் பள்ளத்தையும் மாற்றிவிடுவது. இடம் வலம் சரிந்து ஓடப் பார்க்கும்போது அங்கே மேடு வந்துவிடும். அப்போது முன்பின் சரிவாகும், அங்கே ஓடப் பார்க்கும், மறுபடி மாறும். 1989இல் அவருக்கும் ஹான்ஸ் டெமெல்ட்டுக்கும் நோபல் பரிசில் பாதி, மறுபாதி நார்மன் ராம்சேக்கு.

காயில்வைண்டர் | புதன், காலை 8:52

சார், மேடும் பள்ளமும் மாறுவதற்குப் புலம் சுற்றினால் போதுமே? அதைத்தான் நானும் சொன்னேன்.

ஒற்றைஅயனி | புதன், மதியம் 1:10

அண்ணா, எதிரெதிர் ராடு இரண்டுக்கு ஆர்.எஃப். (ரேடியோ அலை வேகத்தில் மாறும்) வோல்டேஜ், மற்ற இரண்டும் கிரவுண்டு. ஒரே பேஸ்தான். உங்கள் பாஷையில் ஸ்டார்ட்டிங் வைண்டிங் எடுத்துவிட்ட சிங்கிள் பேஸ் மோட்டார். புலம் சுற்றாது, அதே இடத்தில் துடிக்கும். நீங்கள் சுவிட்ச் போட்டால் மோட்டார் சும்மா 'ம்ம்ம்' என்று உறுமுமே, அந்த நிலை. வினாடிக்கு இரண்டு மூன்று கோடி தடவை துடிக்கும், சில நூறு வோல்ட்டில். ஊசி இரண்டும் டி.சி., அயனி ராடு நீளவாக்கில் ஓடாமல் தடுக்க.

வகுப்பில் காட்டும் சேண மாதிரி சுற்றத்தான் செய்யும், செய்வது சுலபம் என்பதால். பவுலே அப்படி ஒன்றை வைத்து விளக்கியிருக்கிறார். அதனால் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

இன்னொன்று. இங்கும் அங்கும் சமமாகத் தள்ளினால் மொத்தத்தில் பூஜ்யம்தானே, ஏன் நடுவுக்கு வருகிறது? இதை நான் முதல் வருடம் முழுக்கத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். நடுவில் புலம் பூஜ்யம், விலக விலக வலுக்கும். அயனி துடிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் சிறிதாக ஆடும். ஆட்டத்தில் வெளிப்பக்கம் இருக்கும் நேரத்தில் விசை உள்நோக்கி இருக்கும், அங்கே புலம் கொஞ்சம் வலு. உள்பக்கம் இருக்கும் நேரத்தில் விசை வெளிநோக்கி, அங்கே புலம் கொஞ்சம் வலு குறைவு. இரண்டையும் கூட்டினால் உள்நோக்கியதே சற்று மிஞ்சும். அந்த மிச்சம்தான் பொறி.

கணபதி அண்ணா, உங்கள் 10 மைக்ரானும் இதற்குத்தான். ராடு கோணினால் புலம் பூஜ்யமாகும் கோடும் கோணும், ஊசிகள் அயனியை நிறுத்தும் இடம் அந்தக் கோட்டில் விழாது, அயனி தேவையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கூடுதல் மின்முனை வைத்துக் கொஞ்சம் சரிக்கட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. பிசிறு இருந்தால் அங்கே ஸ்பார்க் அடிக்கும்.

மஞ்சமண்டி | புதன், மதியம் 1:45

எங்கள் மண்டியில் சல்லடை மெஷின் ஆடும்போது ஆட்டம் குறைவான இடத்தில் தூள் குவியும். அது மாதிரிதானே? இதற்கு நோபல் பரிசா?

கோபி_வாத்தியார் | புதன், மதியம் 2:20

கிண்டலாகக் கேட்டாலும் உவமை மோசமில்லை. அதிர்வு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஒதுங்குவது. காரணம் ஒன்றல்ல, சல்லடையில் தட்டும் உராய்வும் இருக்கிறது. ஆனாலும் பையன்களுக்குச் சொல்ல எடுத்துக்கொள்கிறேன்.

ஆழியாறு_அலை | புதன், மாலை 6:30

வணக்கம். பொள்ளாச்சி. இயற்பியல் இளங்கலை கடைசி வருடம். நாங்கள் கல்லூரிக் கண்காட்சிக்குத் தூசுப் பொறி செய்தோம். செப்புக் கம்பி வளையம் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொரு முனை, சாதாரண 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையே டிரான்ஸ்ஃபார்மரில் சில ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுத்தோம். லைகோபோடியம் தூளை (ஒரு செடியின் நுண்வித்துத் தூள்) உரசி மின்னேற்றி உதறினால் நாலைந்து துகள் நடுவில் நின்றுவிடும். பச்சை லேசர் சுட்டியை அடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னக் கோடாக ஆடுவது தெரியும். முதலில் மஞ்சள்தூளில் முயன்றோம், கட்டி கட்டியாக விழுந்தது.

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் தூசி தானாகவே அடங்கி நின்றது, யாரும் குளிர வைக்கவில்லை. அயனிக்கு மட்டும் ஏன்?

ஒற்றைஅயனி | புதன், இரவு 10:50

நல்ல கேள்வி கண்ணு, விஷயத்தின் முடிச்சே இங்கேதான். உன் தூசியை அடக்கியது காற்று. ஆட்டத்தின் சக்தியைச் சுற்றியிருந்த காற்று தின்றது. தூசிக்கு அதன் மின்னூட்டத்தோடு ஒப்பிட்டால் எடை அதிகம், அதனால் 50 ஹெர்ட்ஸே போதும். அயனி மிக லேசு, அதனால் மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஆனால் வேக்குவத்தில் காற்று இல்லை. உள்ளே வந்த அயனி பொறிக்குள் ஆடிக்கொண்டே இருக்கும், நிற்காது. காற்று செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதுதான் லேசர்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கவனம். அந்த வோல்ட்டேஜில் கை வைத்தால் மறுபடி இழையில் எழுத மாட்டாய்.

கணபதிலேத்து | வியாழன், காலை 6:40

இருங்க இருங்க. லேசரில் நாங்கள் எஸ்.எஸ். ஷீட் வெட்டுகிறோம். வெட்டின இடம் செக்கச்செவேல் என்று இருக்கும். அதை வைத்துக் குளிர வைப்பதா?

ஒற்றைஅயனி | வியாழன், இரவு 9:15

இந்தக் கேள்விக்காக ஒரு நாள் யோசித்துவிட்டு வந்தேன் அண்ணா.

ஷீட் எந்த நிற ஒளியையும் விழுங்கும். தனி அணு அப்படியல்ல, தனக்குப் பிடித்த நிறத்தை மட்டும்தான் வாங்கும். கால்சியம் அயனிக்கு 397 நானோமீட்டர், ஊதா. அந்த நிறத்தில் கொஞ்சம் தள்ளி, சிவப்புப் பக்கமாக லேசரை வைப்போம். நிற்கும் அயனி அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உக்கடத்தில் நின்றால் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சென்று கேட்கும், கடந்து போனதும் தொங்கிப்போகும். அதே மாதிரி லேசரை நோக்கி வரும் அயனிக்கு அந்த ஒளி நீலப் பக்கம் நகர்ந்து, சரியாகப் பிடித்த நிறமாகத் தெரியும். வாங்கும். வாங்கும்போது முகத்தில் ஒரு தட்டு. பிறகு ஒளியை எந்தத் திசையிலாவது உமிழ்ந்துவிடும், அந்த உதைகள் சராசரியில் கழிந்துபோகும். விலகிப் போகும்போது ஒளி பொருந்தாது, அதிகம் வாங்காது. வரும்போது அடி, போகும்போது சும்மா. அப்படியே வேகம் போய்விடும். அணுவுக்கு வேகம் குறைவதுதான் குளிர்வது.

எவ்வளவு சின்னத் தட்டு என்றால், ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) வினாடிக்கு இரண்டரை செ.மீ. வேகம் குறையும். அடுப்பில் சூடாக்கிய கால்சியம் வினாடிக்கு 500 மீட்டர் போல வரும். ஆக 20,000 தட்டு. அயனி வினாடிக்குக் கோடிக்கணக்கில் ஃபோட்டான் வாங்கித் தரக்கூடியது என்பதால் கணக்குப்படி சில மில்லிவினாடி. நிஜத்தில் கூடும், மிக வேகமாக ஓடும்போது நிறம் பொருந்தாமல் போகும் என்பதால்.

சுதந்திரமாக ஓடும் அணுவை அடக்க ஆறு பக்கமும் லேசர் வைப்பார்கள். பொறியில் இருப்பது தானே போய்த் தானே திரும்பி வரும், அதனால் ஒரு கதிரே போதும். ஆனால் சாய்வாக விட வேண்டும். ஏதாவது ஒரு திசைக்குச் செங்குத்தாக விட்டால் அந்தத் திசை ஆட்டம் அடங்காது. நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு அது.

இன்னொரு தொல்லை. ஊதா ஒளியை வாங்கிய கால்சியம் பதினைந்து பதினாறு தடவைக்கு ஒருமுறை வேறொரு நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊதாவைத் திரும்பியும் பார்க்காது. அதை எழுப்பிக் கொண்டுவர 866 நானோமீட்டரில் இன்னொரு லேசர். அதை ஆன் செய்ய மறந்துவிட்டு அயனியைக் காணோம் என்று தேடாதவர் இந்தத் துறையில் கிடையாது.

ஆறு பக்கம் லேசர் வைத்து அணுக்களை அடக்கும் அந்த ஏற்பாட்டுக்கு இயற்பியல்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுங்களா? ஒளிப்பாகு. வெல்லப்பாகில் ஈ மாட்டியது மாதிரி என்று. கவுந்தப்பாடிக்காரர்கள் காப்புரிமை கேட்கலாம்.

கோபி_வாத்தியார் | வெள்ளி, காலை 7:50

வரலாற்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். இந்த யோசனை 1975இல் இரண்டு இடத்தில் தனித்தனியாக வந்தது. அணுக்களுக்கு ஹென்ஷும் ஷாலோவும், அயனிகளுக்கு வைன்லேண்டும் டெமெல்ட்டும். 1978இல் அமெரிக்காவின் போல்டரில் மெக்னீசிய அயனிகளையும், ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் பேரிய அயனிகளையும் குளிர வைத்துக் காட்டினார்கள். 1980இல் ஹைடல்பெர்கில் ஒற்றைப் பேரியம் அயனியைப் படமே எடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஒற்றை எலக்ட்ரானையோ ஒற்றை அணுவையோ வைத்து நாம் பரிசோதனை செய்வதே இல்லை, அழிந்துபோன மீன்பல்லிகளை மிருகக்காட்சிசாலையில் வளர்க்க முடியாதது போலத்தான் அதுவும் என்ற கருத்தில் 1952இல் எழுதியவர் ஷ்ரோடிங்கர். அதே பத்தாண்டில் பவுல் பொறி செய்யத் தொடங்கிவிட்டார்.

ஆழியாறு_அலை | வெள்ளி, மாலை 5:15

எவ்வளவு குளிரும் அக்கா? பூஜ்யம் கெல்வின், அதாவது குளிரின் அடி எல்லை, வருமா?

ஒற்றைஅயனி | வெள்ளி, இரவு 11:40

மேலே சொன்ன முறையில் கால்சியம் அரை மில்லிகெல்வின் வரைதான் இறங்கும். உமிழும்போது வாங்கும் உதைகள் சராசரியில் கழிந்தாலும் நடுக்கத்தை விட்டுவைக்கும்.

அதற்குக் கீழே போக வேறு வழி. எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நீளும்.

பொறிக்குள் அயனியின் ஆட்டம் எந்த அளவிலும் இருந்துவிட முடியாது. ஏணிப்படி மாதிரி, சம இடைவெளியில் படிகள். சூடாக இருக்கும்போது ஆயிரக்கணக்கான படிக்கு மேலே இருக்கும், படி இருப்பதே தெரியாது. அரை மில்லிகெல்வினில் பொறியின் இறுக்கத்தைப் பொறுத்துச் சுமார் பத்துப் படி. இப்போது கால்சியத்துக்கு 729 நானோமீட்டரில் மிகக் கூர்மையான ஒரு நிறம் உண்டு. லேசரை அந்த நிறத்துக்குச் சரியாக ஒரு படி அளவு குறைவாக வைத்தால், அயனிக்கு ஒளியில் சக்தி போதாது. பற்றாக்குறையைத் தன் ஆட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மேல் நிலைக்குப் போக முடியும். ஒரு படி இறங்கிவிடும். பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி. ஒவ்வொரு படியாக.

அடிப்படிக்கு வந்ததும் என்ன ஆகிறது? கொடுப்பதற்கு ஆட்டம் இல்லை. அந்த ஒளியை அயனி வாங்காது. லேசர் எரிகிறது, ஒன்றும் நடப்பதில்லை. அதே சமயம் ஒரு படி அதிகமான நிறத்தை அடித்தால் சந்தோஷமாக வாங்கும். இறங்க வழி இல்லை, ஏற வழி இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துதான் அயனி அடியில் இருக்கிறதென்று சொல்கிறோம். தெர்மாமீட்டரும் அதுவே. 1989இல் போல்டரில் ஒற்றைப் பாதரச அயனியை முதன்முதலில் இப்படி இறக்கினார்கள். நான் முதல் தடவை திரையில், ஒரு படி குறைந்த நிறத்துக்கான இடது பக்கச் சிகரம் காணாமல் போனதைப் பார்த்தபோது இரவு மூன்று மணி, பக்கத்தில் யாரும் இல்லை, வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா பயந்துவிட்டார்கள்.

அடிப்படியிலும் ஆட்டம் முழுதாக நிற்காது. அதை எடுக்க வழியே இல்லை.

மஞ்சமண்டி | சனி, காலை 10:05

எல்லாம் சரிங்க. ஒரு தூசியைவிடச் சின்னதை, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாததை, உட்கார வைத்து யாருக்கு என்ன லாபம்?

ஒற்றைஅயனி | சனி, காலை 11:30

இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம் அண்ணா. ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் நாட்லிங்கர் என்ற மாணவர் சாதாரணக் கேமராவில் நீண்ட நேரம் திறந்துவைத்து ஒற்றை ஸ்ட்ரான்சியம் அயனியைப் படம் எடுத்தார், 2018இல் பரிசு வாங்கியது. சுமார் 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஊசி, நடுவில் ஒரு நீலப் புள்ளி. கணபதி அண்ணா, உங்கள் ஊசிகளைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் படம்தான் நினைவு வந்தது.

அணைந்து எரிவதும் தெரியும். 1986இல் பார்த்தார்கள்: பளிச்சென்று எரியும் அயனி திடீரென்று இருண்டுவிடும், சில வினாடி கழித்துத் தானே எரியும். நடுவில் மங்கல் கிடையாது. குவாண்டம் தாவல் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது டியூப்லைட் மாதிரி கண்முன்னே மின்னியது.

லாபம் என்றால், கடிகாரம். அயனி வாங்கும் கூர்மையான நிறத்தின் துடிப்பை எண்ணித்தான் அதில் நேரம் அளப்பது.

கோபி_வாத்தியார் | சனி, மதியம் 12:10

கடிகாரத்துக்கு நான் கணக்குப் போட்டுவிட்டேன். உயரத்தில் காலம் வேகமாக ஓடும், ஐன்ஸ்டைன் சொன்னது. 2010இல் போல்டரில் இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களில் ஒன்றை 33 செ.மீ. மட்டும் உயர்த்தி அந்த வித்தியாசத்தை அளந்தார்கள். நம் ஊர்க் கணக்கு: கோவைக்கும் உதகைக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். உதகையில் உள்ள கடிகாரம் வருடத்துக்கு ஆறு மைக்ரோவினாடி முன்னால் போகும். அந்த அயனிக் கடிகாரத்துக்கு இது யானை அளவு வித்தியாசம்.

மஞ்சமண்டி | சனி, மதியம் 12:25

ஊட்டிக்குப் போனவன் சீக்கிரம் கிழவனாகிறான் என்று சொல்லுங்க. எங்கள் மாமா கேட்டால் சந்தோஷப்படுவார். அப்புறம் குவாண்டம் கம்ப்யூட்டர், குவாண்டம் கம்ப்யூட்டர் என்கிறார்களே, அது?

ஒற்றைஅயனி | சனி, மாலை 4:50

அதுவும் இதே ராடுகளிலிருந்துதான் கிளம்பியது. 1995இல் சிராக், ஸொல்லர் இருவரும் வழி சொன்னார்கள். வரிசையாக நிற்கும் அயனிகள் ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்று ஆடினால் எல்லாம் ஆடும், அந்த ஆட்டத்தையே கம்பியாக வைத்துப் பேச வைக்கலாம் என்று. அதே ஆண்டில் போல்டரில் ஒரு பெரிலியம் அயனியையும் அதன் ஆட்டத்தையும் வைத்து அதன் முதல் படியைச் செய்து காட்டினார்கள். வைன்லேண்டுக்கு 2012இல் நோபல், செர்ஜ் அரோஷோடு சேர்த்து. 2024இல் 56 அயனி வைத்த இயந்திரம் வந்துவிட்டது. நாளைக்கே எல்லாப் பாஸ்வேர்டும் உடையும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பாதீர்கள்.

இங்கேயும் வேலை நடக்கிறது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் குளிர்ந்த ருபீடியம் அணுக்களைப் பொறியின் நடுவில் வைத்து, அவற்றோடு மோதவிட்டே ருபீடிய அயனிகளைக் குளிர வைத்து 2012இல் வெளியிட்டார்கள், அயனிக்கு லேசரே இல்லாமல். 2023இல் மத்திய அரசு தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ஒதுக்கியது. கணபதி அண்ணாவுக்கு இந்த மாதிரி ட்ராயிங் இனியும் வரும். பம்பும் கிரைண்டரும் செய்யும் ஊருக்கு இது தூரம் இல்லை என்பது என் அபிப்பிராயம். தியரிக்கு ஆள் கிடைக்கும். சுத்தமாக வெட்டிக் கழுவித் தரும் பட்டறை கிடைப்பதுதான் கஷ்டம், அனுபவத்தில் சொல்கிறேன்.

கணபதிலேத்து | திங்கள், இரவு 8:20

எல்லாருக்கும் நன்றிங்க. இன்று போன் செய்து பேசினேன். ட்ராயிங் தப்பு அவர்களுடையது என்று ஒத்துக்கொண்டார்கள், பிளேட்டுக்கு மறுபடி காசு தருகிறார்கள். துளைகளை த்ரூவாகப் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் த்ரூ முடியாது, அடியில் வேறு பார்ட் வருகிறது. அங்கே ஸ்க்ரூவின் நடுவிலேயே நீளவாக்கில் துளை போடச் சொல்கிறார்கள், காற்று வெளியேற. எம்3 ஸ்க்ரூ, உள்ளே 1 மி.மீ. துளை, 12 மி.மீ. நீளம், 316. எட்டு ட்ரில் உடைத்துவிட்டேன். யாரிடமாவது ஈ.டி.எம். ட்ரில் மெஷின் (மின்பொறியால் துளை போடுவது) இருக்கிறதா?

காயில்வைண்டர் | திங்கள், இரவு 8:45

சிட்கோவில் மச்சான் ஒருத்தர் வைத்திருக்கிறார். நம்பர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அங்கே பிராஸ் ட்யூப் எலக்ட்ரோடுதான் போடுவார்கள், உங்கள் அயனிக்கு ஆகுமா என்று அம்மிணியைக் கேட்டுக்கொள்ளுங்க.

ஒற்றைஅயனி | திங்கள், இரவு 11:05

செப்பு ட்யூப் இருந்தால் அதையே போடச் சொல்லுங்க அண்ணா. பிராஸ்தான் என்றால் துளைக்குள் படிந்ததை ஆசிடில் கழுவி எடுக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.